உயிரோடிருந்த தாய்மார்

மகனே,

ஆபிரிக்காவில் ஒரு மிசனுக்குச் சிறுவர் இல்லம் கட்டிக் கொடுக்கப் போகிறாய் என்று நீ எழுதிய கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. சண்டை கொஞ்ச நாளாக நின்றிருப்பதால் கடிதங்கள் வருகின்றன. இதுவும் உன்னிடம் வந்து சேரும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நீ போவதில் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: "தாயும் தகப்பனும் இல்லாத அறுபது பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள் அம்மா." அதை வாசித்தவுடன் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அறுபது பேருக்கும் ஒருவர்கூட இல்லை என்று யார் உனக்குச் சொன்னது? நீ போய்ப் பார்த்தாயா, கேட்டாயா, அல்லது யாரோ தட்டெழுதிக் கொடுத்த கடதாசியில் வாசித்தாயா? அந்த வரியை உன்னைவிட நான் நன்றாக அறிவேன். நானும் அதை எழுதியிருக்கிறேன். என் கையால், பத்தொன்பது பிள்ளைகளில் பதினொரு பேருக்கு, பொய் என்று தெரிந்துகொண்டே எழுதினேன். உனக்கு அதில் பாதி தெரியும். மீதியையும் சொல்லிவிடுகிறேன். உன்னோடு வேலைக்கு வருகிறவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டு. மறைக்க எனக்கு இனி ஒன்றுமில்லை.

எண்பத்து மூன்றுக் கலவரத்தில் தெற்கிலிருந்து எங்கள் சனம் கப்பலில் வந்து இறங்கியது உனக்கு நினைவிருக்கும். உனக்கு அப்போது பதின்மூன்று வயது, அப்பா இறந்து இரண்டு வருடம். கடைகளை எரியக் கொடுத்துவிட்டு வந்தவர்கள், புருசனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள் என்று எங்கள் தீவில் ஒவ்வொரு ஊரிலும் ஆட்கள் இருந்தார்கள். சாப்பாட்டுக்கு வழியில்லாத பிள்ளைகளை ஒரு கூரைக்குக் கீழே வைத்துப் பார்க்கவேண்டும் என்று நாரந்தனையில் நாலு பேர் சேர்ந்து ஒரு சபை அமைத்தார்கள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கட்டித்தர முன்வந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே இல்லத்துக்குப் பொறுப்பாக இருக்கச் சம்மதித்தேன். அந்தச் சம்மதத்தில் தவறில்லை. தவறெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

கட்டடத்தின் வரைபடம் கப்பலேறி வந்தது. நீ கட்டுகிறவன் என்பதால் இதைச் சொல்கிறேன். பிள்ளைகள் படுக்கும் மண்டபத்துக்குத் தென்மேற்கே பார்த்தபடி ஆறு பெரிய யன்னல்கள். குசினி மண்டபத்தோடு ஒட்டியிருந்தது. கிணற்றைச் சுற்றி ஒரு மறைப்பும் இல்லை. மேசன் சின்னத்துரை அண்ணை படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரீச்சர், இந்தப் பக்கம் யன்னல் வைச்சா சோளகத்துக்குப் பிள்ளையள் மண்தான் தின்னுங்கள்" என்றார். நான் சபைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். "அவையள் படிச்சு வரைஞ்சது, நாங்கள் அதில கை வைக்க ஏலாது" என்றார். கைவைக்கவில்லை. வைகாசியில் சோளகக் காற்று எழும்பியது. பாய், தலையணை, சோற்றுக் கோப்பை எல்லாம் மண். கடைசியில் ஆறு யன்னல்களையும் தென்னோலைக் கிடுகால் அடைத்தோம். அடுப்புப் புகை மண்டபத்துக்குள் வந்து சின்னப் பிள்ளைகள் இருமிக்கொண்டே இருந்தார்கள். மறைப்புக் கட்டச் சீமெந்து இல்லை என்றவர்கள், நிறுவனத்தின் பேர்ப்பலகைக்கு வாசலில் ஆளுயரச் சுவர் எழுப்பினார்கள். பெட்டைகள் குளிக்கும்போது ரோட்டில் சைக்கிளில் போகிறவன் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு போவான். அந்த வருடம் முழுக்க எனக்கு வந்த கோபத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. அதுவும் என் பிழைதான். நீ அப்படி இருக்காதே. அங்கே சமைக்கப் போகிற பெண்களிடம் அடுப்பை எங்கே வைப்பது என்று கேள். காற்று எந்தப் பக்கத்தால் அடிக்கும், தண்ணீர் எங்கே நிற்கும் என்று அந்த ஊரில் பிறந்தவர்களைக் கேட்காமல் ஒரு கல்லும் வைக்காதே.

கிணற்றடிக்குக் கிடுகு பின்னி மறைப்புக் கட்டித் தந்தவள் இராசம்மா. மண்டைதீவுக்காரி. புருசன் கடலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அதன் பிறகு வேலணையில் புகையிலைத் தோட்டங்களில் கூலி வேலை செய்துகொண்டு, யாரோ விட்ட கொட்டிலில் படுத்து எழும்பிக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஏழு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். மகளின் பெயர் றஞ்சினி. "ரெண்டு நேரச் சாப்பாடும் பள்ளிக்கூடமும் போதும் ரீச்சர். நான் கிழமைக்கு ஒருக்கா வந்து பாத்திட்டுப் போறன்" என்றாள். பிள்ளையின் தலையில் எண்ணெய் இருந்தது, நகம் வெட்டியிருந்தது. கைவிடப்பட்ட பிள்ளையை நீ பார்த்தால் தெரியும், அவள் அப்படி இல்லை.

நிறுவனத்தின் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. தகப்பன் உயிரோடு இருக்கிறாரா, தாய் உயிரோடு இருக்கிறாரா என்று இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் இல்லை என்று எழுதினால்தான் பிள்ளைக்கு உதவி வரும். தலைவர் என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "ஒரு சொல்லு எழுதினா ஒரு பிள்ளை சாப்பிடும். யோசியும்" என்றார். நான் யோசித்தேன் என்று சொல்லமாட்டேன். எழுதினேன். இராசம்மா எனக்கு முன்னால்தான் நின்றாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. "என்ன ரீச்சர் எழுதிறியள்?" என்று கேட்டாள். "பேர்" என்றேன். அவள் செத்துப்போனாள் என்று எழுதிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்துப் பேர் என்றேன். அதற்குப் பிறகு மற்றப் பத்துப் பேருக்கும் எழுதுவது சுலபமாக இருந்தது.

இன்று நினைக்கும்போது என்மீது வரும் கோபத்துக்குக் குறையாத கோபம் அந்தப் படிவத்தை அச்சடித்தவர்கள்மீதும் வருகிறது. ஒரு தாய் உயிரோடிருப்பது ஒரு பிள்ளையின் சோற்றுக்கு எப்படித் தடையாகலாம்? இராசம்மாவுக்கு ஒழுகாத ஒரு கொட்டிலும் வருடம் முழுக்க ஒரு வேலையும் இருந்திருந்தால் றஞ்சினிக்கு இல்லமே தேவைப்பட்டிருக்காது. ஆனால் தாயும் மகளும் சேர்ந்து இருக்கும் ஒரு கொட்டிலுக்கு முன்னால் பேர்ப்பலகை நட ஏலாது. அதனால் தாயைச் சாகடித்துவிட்டு மகளுக்கு மண்டபம் கட்டினோம்.

எல்லாம் துன்பமாக இருந்தது என்றும் சொல்லமாட்டேன். நீயும் அந்த மண்டபத்தில்தான் படுத்தாய், அந்தப் பிள்ளைகளோடுதான் சாப்பிட்டாய். விடிந்ததும் கிணற்றடியில் வரிசை, ஆளுக்கொரு உமிக்கரிப் பொட்டலம், பிறகு கஞ்சி, பிறகு ஒருவர் பின்னால் ஒருவராகப் பள்ளிக்கூடம். பின்னேரம் ஈர்கொல்லியோடு நான் உட்கார்ந்தால் பெட்டைகள் என் மடியில் தலையைச் சாய்க்கச் சண்டை பிடிப்பார்கள். மாங்காய் அடிக்கப் போய் நீயும் இன்னும் மூன்று பேரும் அடுத்த வளவுக்காரரிடம் பிடிபட்டது ஒரு பெரிய கதை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருவது எனக்குப் பிடிக்காது. ஒவ்வொரு பிள்ளையும் உதவி அனுப்புகிற வெளிநாட்டு மாமாவுக்கோ மாமிக்கோ கடிதம் எழுதவேண்டும். நான் கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதுவார்கள்: "எனக்கு ஒருவரும் இல்லை. நீங்கள்தான் எனக்கு எல்லாம்." ஒருமுறை ஒரு பெடியன், "எங்கட அப்பாவுக்கும் ஒண்டு எழுதட்டோ ரீச்சர்?" என்று கேட்டான். கடதாசி போதாது என்று சொல்லிவிட்டேன். அலுமாரிக்குள் ஒரு கட்டுக் கடதாசி இருந்தது.

பிறகு அந்த நிறுவனத்திலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. இரண்டு நாட்களுக்கு முன்பு பிள்ளைகளை விறாந்தையில் வரிசையாக இருத்தி, கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று பழக்கினேன். நீ தூணடியில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றாய். பம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து எல்லோருக்கும் முன்னால் கேட்டாய்: "தாய் இருக்கிற பிள்ளையைத் தாய் செத்துப்போனா எண்டு சொல்லச் சொல்லுறீங்கள். உங்களுக்கு வெக்கமில்லையோ அம்மா?" நான் உன் கன்னத்தில் அறைந்தேன். பதினாறு வயதுப் பிள்ளையை, பத்தொன்பது பிள்ளைகள் பார்த்திருக்க அறைந்தேன். "நாளைக்கு இதுகளுக்கு நீ சோறு போடுவியோ?" என்று கத்தினேன். நீ சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையைத் திறந்து போனாய். அன்றிலிருந்து நீ கொழும்புக்குப் பஸ் ஏறிய நாள்வரை என்னோடு கதைத்ததெல்லாம் ஓம், இல்லை, சரி. நீ சொன்னது சரி. நான் அறைந்தது நீ சொன்னது சரியென்று எனக்குத் தெரிந்ததால். இதைச் சொல்ல ஒன்பது வருடம் எடுத்துவிட்டேன்.

வந்தவர்கள் மூன்று பேர். ஒரு வெள்ளைக்காரப் பெண், படம் பிடிக்கிற ஒருவர், மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ஐயா. அந்தப் பெண் கெட்டவள் இல்லை. வந்தவுடன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறும் நிலத்தில் பிள்ளைகளோடு இருந்தாள். படம் பிடிக்கிறவர் என்னவோ சொன்னார். ஐயா என்னிடம் திரும்பி, "பிள்ளையளைச் சிரிக்க வேண்டாமெண்டு சொல்லட்டாம்" என்றார். நானும் சொன்னேன். பிறகு அந்தப் பெண் றஞ்சினியின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். "உம்மட அம்மா எங்கை எண்டு கேக்கிறா" என்றார் ஐயா.

றஞ்சினி என்னைப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டிப் பார்த்தாள். நானும் திரும்பினேன். படலையடியில் இராசம்மா நின்றாள். மழை பெய்து தோட்டத்தில் வேலை இல்லாமல் போனதால், வழக்கமான நாளில் வராமல் அன்று வந்துவிட்டாள். கையில் அவித்த பனங்கிழங்குப் பொட்டலம். பிள்ளை தாயைப் பார்த்துக்கொண்டே, பாடம் ஒப்புவிக்கிற குரலில், "செத்துப் போனா" என்றாள்.

வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. பிள்ளையை அணைத்துக்கொண்டாள். படம் பிடிக்கிறவர் இருவரையும் பேர்ப்பலகைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார். ஐயா படலைப் பக்கம் பார்த்து, "அம்மா, கொஞ்சம் அங்கால நில்லுங்கோ, பலகை மறையுது" என்றார். இராசம்மா அங்கால தள்ளி நின்றாள். படம் பிடித்து முடியும்வரை அசையவில்லை.

அவர்கள் போன பிறகு அவளைக் குசினிக்குள் கூட்டிவந்து தேத்தண்ணீர் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை. "நீங்க சொல்லிக் குடுத்தனீங்களோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். படிவத்தில் என்ன எழுதினேன் என்பதையும் அன்றுதான் சொன்னேன். "பிள்ளை சோறு தின்னுதுதானே. நான் செத்தாப்போலயே இருக்கிறன், ரீச்சர்" என்றாள். பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனவள் இரண்டு மாதம் வரவில்லை. ஒவ்வொரு நாளும் றஞ்சினி வந்து, "இப்ப சொல்லலாமோ ரீச்சர், அம்மா இருக்கிறா எண்டு?" என்று கேட்பாள். இன்னும் கொஞ்ச நாள் என்பேன். அந்தக் கொஞ்ச நாள் பல வருடமாகிவிட்டது. அன்றே பேனையை எடுத்து உண்மையை எழுதியிருக்கலாம். எழுதாததற்கு நான் சொல்லிக்கொண்ட காரணம் பிள்ளைகளின் சோறு. உண்மைக் காரணம், இல்லத்து ரீச்சர் என்று ஊர் என்னைக் கும்பிட்டது எனக்குப் பிடித்திருந்தது.

தொண்ணூறில் இராணுவம் தீவுக்குள் இறங்கியபோது நீ இலண்டனில் இருந்தாய். பீரங்கிச் செல் விழ விழ ஊரே வேலணைப் பக்கமாக நடந்தது. தலைவர் முக்கியமான கடதாசிகளை எடுத்துக்கொண்டு ஒரு கிழமை முன்பே யாழ்ப்பாணம் போய்விட்டார். நானும் சமையல்கார அக்காவும் பிள்ளைகளும் மட்டும். நடக்க ஏலாத சின்னதுகள் ஐந்தாறு. என்ன செய்வதென்று தெரியாமல் முற்றத்தில் நிற்கிறேன், படலையைத் தள்ளிக்கொண்டு இராசம்மா ஓடிவருகிறாள். அவளுக்குப் பின்னால் சைக்கிளில் ஒரு தகப்பன். பிறகு இன்னொரு தாய். இப்படி ஒவ்வொருவராக எட்டுப் பேர். தங்கள் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஆளுக்கு இரண்டு பேரைக் கையிலும் தோளிலும் எடுத்துக்கொண்டார்கள். இராசம்மா ஒரு குருட்டுப் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, றஞ்சினியை முன்னால் நடக்கவிட்டு, "திரும்பிப் பாராதை, நட" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வேலணையில் கரைக்கு வந்து, வள்ளம் பிடித்து, அராலிப் பக்கம் இறங்கினோம். ஒரு பிள்ளைகூடத் தவறவில்லை. நான் இறந்துவிட்டதாக எழுதிய ஆட்கள்தான் எங்களைக் கரை சேர்த்தார்கள்.

அதற்குப் பிறகு கொக்குவிலில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சபை மறுபடியும் இல்லத்தைத் தொடங்கியது. நானும் தொடர்ந்தேன். றஞ்சினி தாயோடு கோண்டாவிலில் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்துவிட்டாள். போன மாதம் இராசம்மா என்னைத் தேடி வந்தாள். றஞ்சினிக்குப் பதினெட்டு வயது, கலியாணம் பேசி முடிந்து, கலியாண எழுத்துக்குப் பதிவுகாரரிடம் போயிருக்கிறார்கள். வயது போதாததால் பெற்றவரின் சம்மதம் வேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்று தீவில் போய்விட்டது. கையில் இருந்ததெல்லாம் இல்லம் கொடுத்த கடதாசி மட்டும். பதிவுகாரர் அதை வாசித்துவிட்டு, "தாய் இறந்தவர் எண்டெல்லோ கிடக்கு. இல்லத்துத் தலைவர்தான் பொறுப்பாளர். அவர் வந்து கையெழுத்து வைக்கட்டும்" என்றாராம். "நான்தான் தாய்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். "அதுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டாராம். முன்னால் நிற்கிற மனுசியிடம்!

"ரீச்சர், நீங்க வந்து நான் சாகேல்லை எண்டு சொல்லோணும்" என்றாள் இராசம்மா.

தலைவரிடம் போனேன். "நான் வந்து கையெழுத்து வைக்கிறன், அலுவல் முடிஞ்சுது. நீர் பழசைக் கிண்டினா எங்களுக்கு வாற உதவி நிண்டு போம். இருக்கிற பிள்ளையளை ரோட்டிலயோ விடப்போறீர்?" என்றார். பதினொரு வருடத்துக்கு முன்பு என் கதிரைக்குப் பக்கத்தில் நின்று சொன்ன அதே கதை. இந்த முறை எனக்கு வாய் வந்தது. "அவளின்ர மகளுக்கு நீங்கள் ஏன் கையெழுத்து வைக்கோணும்? பெத்தவள் இருக்கிறாள். அவள் வைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சமாதான நீதவான் ஒருவருக்கு முன்னால் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தேன். தாய் உயிரோடிருப்பது எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே பொய் எழுதினேன் என்று. பதிவுகாரர் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "நீர் ஒரு ஆசிரியையெல்லோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். இராசம்மாவுக்குக் கையெழுத்து வராது. பெருவிரலில் மை பூசி, மகளின் பேருக்குக் கீழே, தாய் என்று எழுதியிருந்த இடத்தில் அழுத்தி வைத்தாள். வைத்துவிட்டு விரலைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வெளியே வந்ததும் நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் பிடிக்க விடவில்லை. "நீங்க செய்தது சரி ரீச்சர். ஆனா என்ர பிள்ளை என்னைப் பாத்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னாளே, அதை ஆர் அழிக்கிறது? கலியாணத்துக்கு உங்களுக்குச் சொல்ல மாட்டன்" என்றாள். றஞ்சினி தாயின் சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டு, கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. அவளுக்கு அந்தக் கோபம் ஒன்பது வருடம் முந்தியே வந்திருக்கவேண்டும். நான்தான் சோற்றைக் காட்டி அடக்கி வைத்திருந்தேன்.

போன கிழமை சபை என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. பரவாயில்லை, நான் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே. உனக்கு ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. அங்கே உன்னிடமும் ஒரு படிவம் வரும், கட்டடம் கட்டுகிறவன்தானே நான், எழுதுவது என் வேலையில்லை என்று இருந்துவிடாதே. அறுபது பிள்ளைகளையும் ஒவ்வொருவராக இருத்திக் கேள், அவர்களின் ஊர்களுக்கு நடந்து போய்க் கேள். யாராவது இருந்தால் அந்தப் பேரை எழுதவை. எழுத விடமாட்டோம் என்றால் அத்திவாரம் போட்ட பிறகென்றாலும் விட்டுவிட்டு வா. உன்னை யாராவது அறைந்தால் திருப்பிக் கேள். பதினாறு வயதில் உனக்கு இருந்த அந்த வாய் இன்னும் இருக்கும் என்று நம்புகிறேன்.

இவ்வளவோடு நிறுத்துகிறேன். இன்னும் பத்துப் பேருக்குச் சத்தியக் கடதாசி எழுதவேண்டும். நாளைக்குச் சங்கானைக்குப் போகிறேன். அங்கே சைக்கிள் கடை வைத்திருக்கிற ஒரு தகப்பன் இருக்கிறான். அவனை நான் படிவத்தில் சாகடித்தது அவனுக்கு இன்னும் தெரியாது.

அம்மா